லாக் கேபின் பின்னல்: கையகலச் சதுரத் துணியில் முழு முறையையும் கற்கும் வழி

இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு நிட் என்னும் அடிப்படைக் கண்ணி ஒன்றை மட்டுமே போடத் தெரிந்த ஒருவர் அடுத்து என்ன பின்னலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் மஃப்ளரைத்தான் காட்டுவார்கள். மஃப்ளர் பின்னுவதில் தவறில்லை. ஆனால் முதல் பத்து வரிசைகளுக்குப் பிறகு அதில் புதிதாகக் கற்க எதுவும் இருக்காது, நம் ஊர் வெயிலில் அதைச் சுற்றிக்கொள்ள ஒரு கழுத்தும் கிடைக்காது. லாக் கேபின் பின்னலுக்கும் அதே ஒரு கண்ணிதான் வேண்டும். நடுவில் ஒரு சிறு சதுரத்தைப் பின்னி, அதன் ஓரத்திலிருந்தே புதிய கண்ணிகளை எடுத்து ஒரு பட்டையைப் பின்னி, துணியைக் கால்வட்டம் திருப்பி அடுத்த பட்டையைத் தொடங்கி, இப்படியே சுற்றிச் சுற்றி வளர்ப்பதுதான் முறை. தைத்து இணைக்கும் வேலை அறவே இல்லை என்பதால் முதல் முயற்சியே முழுமையான பொருளாகக் கைக்கு வந்துவிடுகிறது.

பெயர் அமெரிக்க ஒட்டுத்துணிப் போர்வைகளிலிருந்து வந்தது. அங்குக் குடியேறியவர்கள் மரத்தடிகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கட்டிய வீட்டுக்கு லாக் கேபின் என்று பெயர். நடுச்சதுரத்தைச் சுற்றித் துணிப் பட்டைகளை அடுக்கித் தைக்கும் கட்டத்துக்கும் அப்பெயரே நின்றது. 1860-களிலிருந்து அமெரிக்காவில் இவ்வகைப் போர்வைகள் பரவலாயின. நடுச்சதுரத்தைச் சிவப்பில் வைத்து, அது வீட்டின் அடுப்பு என்று சொல்லுவது மரபு. அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள், பழைய வேலைச் சட்டைகளையும் ஜீன்ஸ் துணியையும் கிழித்து இதற்கு உறவான ஹவுஸ்டாப் என்னும் வடிவத்தைத் தைத்தார்கள்; அவர்களுடைய போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன, 2006-இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. பின்னுகிறவர்கள் இவ்வடிவத்தை எடுத்துக்கொண்டபோது கத்தரியும் தையலும் கழன்றுபோய், எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது. அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வரும்.

என்ன பின்னப் போகிறோம், என்ன வேண்டும்

ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத் துணியைப் பின்னுவோம். முகம் துடைக்கலாம், மேசை துடைக்கலாம், சூடான டம்ளரை அதன்மேல் வைக்கலாம். நடுச்சதுரம் சிவப்பு, அதை ஒட்டிய இரு பக்கங்கள் வெளிர்நிறம், மற்ற இரு பக்கங்கள் அடர்நிறம். நான் வெளிர்நிறத்துக்குச் சந்தன வண்ணத்தையும் அடர்நிறத்துக்குக் கருநீலத்தையும் எடுத்துக்கொள்கிறேன். இனி வெளிர் என்றும் அடர் என்றும் சொல்லுவேன்.

நூல் பருத்தியாக இருக்கட்டும். கடைகளில் எளிதில் கிடைப்பது அக்ரிலிக் நூல்தான், விலையும் குறைவு. ஆனால் அது தண்ணீரை உறிஞ்சாது, சூடான பாத்திரத்தின் அடியில் வைத்தால் உருகும். 4.5 மில்லிமீட்டர் ஊசிக்கு ஏற்ற நடுத்தரத் தடிமன் பருத்தி நூல் அடரில் 25 கிராமும் வெளிரில் 25 கிராமும், சிவப்பில் கைப்பிடிக்குள் அடங்கும் மிச்ச நூலும் இருந்தால் தாராளம். ஊசி வாங்கும்போது எண்ணைவிட மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குவது நல்லது. பழைய பிரித்தானிய அளவில் எண் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்க அளவில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும், நல்லவேளையாக 4.5 மில்லிமீட்டர் ஊசிக்கு இரண்டிலுமே எண் 7. இவற்றோடு மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள ஒரு தையல் ஊசி, கத்தரி, ஒரு சேஃப்டி பின், முடிந்தால் 5 மில்லிமீட்டர் ஊசி ஒன்று.

சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடிய நிறங்கள். தொடங்கும் முன் ஒவ்வொரு நூலிலும் ஒரு சாண் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை படிந்தால், நூலைச் சிட்டமாகச் சுற்றிச் சாயம் நிற்கும்வரை அலசிக் காயவைத்த பிறகே பின்னுங்கள். பின்னி முடித்தபின் வெளிர்ப் பட்டைகள் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்ப்பதைவிட இந்த ஒரு நாள் தாமதம் மேல்.

வரப்பு என்னும் அளவுகோல்

எல்லா வரிசைகளையும் நிட் கண்ணியிலேயே பின்னினால் வரும் துணியைக் கார்ட்டர் பின்னல் என்பார்கள். அதை மேசையில் விரித்துப் பார்த்தால் உழுத வயலைப்போல மேடும் பள்ளமுமாகக் கோடுகள் தெரியும். மேடான ஒவ்வொரு கோட்டையும் வரப்பு என்று அழைப்போம். இரண்டு வரிசைகள் பின்னினால் துணியின் ஒரு பக்கத்தில் ஒரு வரப்பு கிடைக்கும். கார்ட்டர் பின்னலில் ஒரு வரப்பின் உயரமும் ஒரு கண்ணியின் அகலமும் கிட்டத்தட்டச் சமம் என்பதுதான் லாக் கேபினின் உயிர்நாடி. 10 கண்ணி அகலமும் 10 வரப்பு உயரமும் உள்ள துண்டு சதுரமாக அமையும். அதன் பக்கவாட்டு ஓரத்திலிருந்து வரப்புக்கு ஒரு கண்ணி வீதம் எடுத்தால் புதிய பட்டை சுருங்காமலும் விரியாமலும் தட்டையாக உட்காரும். நிட் வரிசையும் அதன் மறுபக்கக் கண்ணியான பர்ல் வரிசையும் மாறிமாறி வரும் வழுவழுப்பான ஸ்டாக்கிங் பின்னலில் இந்தச் சமன் கிடையாது என்பதால் அங்கே ஓரத்தில் கண்ணி எடுக்கும்போது கணக்குப் போட வேண்டியிருக்கும்.

நிட் கண்ணியை மறந்தவர்களுக்காக: கண்ணிகள் ஏறிய ஊசி இடக்கையில், நூல் வேலைக்குப் பின்னால். வலது ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாகச் செலுத்தி, அதன் முனையில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக முன்னால் இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து கழற்றிவிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னியே ஆக வேண்டும். சிலர் செய்வதுபோல் பின்னாமல் நழுவவிட வேண்டாம்.

நடுச்சதுரம்

சிவப்பு நூலில் 35 சென்டிமீட்டர் அளவுக்கு வால் விட்டு ஒரு சுருக்குமுடிச்சை ஊசியில் ஏற்றுங்கள். வாலை இடது கட்டைவிரல்மேலும், உருண்டையிலிருந்து வரும் நூலை ஆட்காட்டி விரல்மேலும் போட்டு, இரண்டையும் மற்ற விரல்களால் உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசிமுனையைக் கட்டைவிரலின் வெளிப்புற நூலுக்கு அடியில் நுழைத்து மேலே கொண்டுவந்து, ஆட்காட்டி விரல் நூலைக் கொத்தி எடுத்து, கட்டைவிரல் வளையத்தின் வழியாகத் திரும்ப இழுத்து, கட்டைவிரலை விடுவித்து மெல்ல இறுக்குங்கள். சுருக்குமுடிச்சையும் சேர்த்து 10 கண்ணிகள் ஆகும்வரை இதைச் செய்யுங்கள்.

இனி 19 வரிசைகள் பின்ன வேண்டும். முதல் வரிசையைப் பின்பக்க வரிசையாகக் கொள்ளுங்கள். அது முடிந்து துணியைத் திருப்பியதும் உங்களை நோக்கியிருப்பது முன்பக்கம். அந்தப் பக்கத்தில் உடனே சேஃப்டி பின்னைக் குத்திவிடுங்கள், ஏனெனில் கார்ட்டர் பின்னலில் இரு பக்கங்களும் ஒன்றுபோலவே இருந்து ஏமாற்றும். 19 வரிசைகளும் முடிந்து முன்பக்கத்தைத் திருப்பினால் 10 வரப்புகளை விரலால் தொட்டு எண்ணலாம்.

அடுத்து, முன்பக்கம் உங்களை நோக்கியிருக்கக் கண்ணிகளை மூடுங்கள். இரண்டு கண்ணிகளைப் பின்னி, முதலில் பின்னியதை இரண்டாவதன் தலைக்குமேல் தூக்கி ஊசியிலிருந்து இறக்கிவிட வேண்டும். பிறகு இன்னொன்று பின்னி அதேபோல் செய்ய வேண்டும். கை இறுகும் வழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு வரிசைக்கு மட்டும் 5 மில்லிமீட்டர் ஊசியை வலக்கையில் எடுத்துக்கொள்வது பெரும் உதவி. கடைசி ஒரு வளையம் மிஞ்சியதும், 15 சென்டிமீட்டர் விட்டு நூலை வெட்டி, வாலை அந்த வளையத்தின் வழியே இழுத்துக் கட்டிவிடுங்கள்.

முதல் பட்டை: ஓரத்திலிருந்து கண்ணி எடுப்பது

இந்த முறையில் புதிதாகக் கற்க வேண்டிய திறன் இது ஒன்றுதான் என்பதால் இங்கே அவசரம் கூடாது.

முன்பக்கம் மேலே இருக்கும்படி சதுரத்தை மேசையில் வையுங்கள். கடைசி வளையத்தைக் கட்டிய மூலை இடது மேற்புறம் இருக்கும். துணியைக் கடிகார முள் திசையில் கால்வட்டம் திருப்புங்கள். அந்த மூலை இப்போது வலது மேற்புறம் வந்துவிடும், இடது ஓரம் மேல் ஓரமாகியிருக்கும். அந்த ஓரத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரப்பும் ஓரத்தை வந்து தொடும் இடத்தில் கடுகளவுக்கு ஒரு முடிச்சு புடைத்துக்கொண்டிருக்கும். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையில் தளர்வான நூல் ஒன்று பாலம்போல் ஓடும். நமக்கு வேண்டியது முடிச்சு. பாலத்தில் ஊசியை விட்டால் அந்த இடம் ஓட்டையாக விரியும்.

வெளிர் நூலை எடுத்து, வலது ஓரத்திலுள்ள முதல் முடிச்சின் இரண்டு இழைகளுக்கும் அடியில் ஊசியை முன்னிருந்து பின்னாகச் செலுத்தி, நூலைச் சுற்றி முன்னால் இழுங்கள். ஒரு கண்ணி ஏறிவிட்டது. இப்படியே வலமிருந்து இடமாக முடிச்சுக்கு ஒன்று வீதம் 10 கண்ணிகளை எடுங்கள். முதல் இரண்டு கண்ணிகள் தொளதொளவென்று இருப்பது இயல்பு. வாலைப் பிடித்து இழுத்தால் சரியாகும். எண்ணிப் பாருங்கள். ஒன்பதோ பதினொன்றோ வந்தால் இப்போதே உருவிவிட்டு மீண்டும் எடுங்கள், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பிறகு திருப்பி, 9 வரிசைகள் பின்னுங்கள். கண்ணி எடுத்த வரிசையும் இந்த ஒன்பதும் சேர்ந்து முன்பக்கத்தில் 5 வரப்புகளைத் தரும். எல்லாப் பட்டைகளுக்கும் இந்த ஒன்பது வரிசைக் கணக்கு மாறாது. முன்பக்கம் நோக்கியிருக்கும்போது மூடுங்கள். ஆனால் கடைசி வளையத்தை இம்முறை வெட்டாமல் ஊசியிலேயே விடுங்கள், அடுத்த பட்டையும் இதே வெளிர் நூல்தான்.

இரண்டு முதல் நான்குவரை

மீண்டும் கடிகாரத் திசையில் கால்வட்டம். ஊசியில் நிற்கும் வளையம் வலது மேல்மூலைக்கு வந்திருக்கும்; அதுவே இரண்டாம் பட்டையின் முதல் கண்ணி, அதாவது முதல் பட்டையின் ஓரத்திலுள்ள முதல் வரப்புக்கு உரிய கண்ணி. மீதமுள்ள 4 வரப்புகளிலிருந்து 4 கண்ணிகளை எடுத்து, அதற்கடுத்து நடுச்சதுரத்தில் கண்ணி ஏற்றித் தொடங்கிய ஓரத்திலிருந்து கண்ணிக்கு ஒன்றாக 10 எடுங்கள். மொத்தம் 15. சிவப்பும் வெளிரும் சந்திக்கும் மூலையில் ஒரு சிறு இடைவெளி கண்ணுக்குத் தெரியும். அதைத் தாண்டி, அழுத்தமான இழையைப் பார்த்து ஊசியை விடுங்கள். 9 வரிசைகள் பின்னி மூடி, வெளிர் நூலை வெட்டிக் கட்டுங்கள்.

மூன்றாம் பட்டை அடர் நூலில். திருப்பியபின் இரண்டாம் பட்டையின் ஓரத்திலிருந்து 5, நடுச்சதுரத்தின் எஞ்சிய பக்கவாட்டு ஓரத்திலிருந்து 10, மொத்தம் 15. பின்னி மூடி, வளையத்தை ஊசியிலேயே வையுங்கள்.

நான்காம் பட்டையும் அடர் நூலிலேயே. வளையம் ஒன்று, மூன்றாம் பட்டையின் மீதி வரப்புகளில் 4, நடுச்சதுரம் மூடிய ஓரத்தில் 10, அதையும் தாண்டி முதல் பட்டையின் மறுமுனை வரப்புகளில் 5, மொத்தம் 20. மூடிய ஓரம் சங்கிலிபோல் தெரியும். சங்கிலியின் இரண்டு இழைகளுக்கும் அடியில் ஊசியை விட்டால் அது பின்பக்கம் மடங்கி மறைந்துவிடும். பின் இழையில் மட்டும் விட்டால் முன் இழை கோடாக முன்பக்கத்தில் நிற்கும். அந்தக் கோடு எனக்குப் பிடிக்கும்தான், ஆனால் ஒரு துணியில் ஒரு வழியையே கடைப்பிடிக்க வேண்டும். முடித்து மூடி நூலை வெட்டியதும், 20 கண்ணி அகலமும் 20 வரப்பு உயரமும் உள்ள சதுரம் கையில் இருக்கும்.

ஒரு வேடிக்கையை இங்கே கவனிக்கலாம். துணியை நாம் வலமாகவே திருப்பிக்கொண்டிருக்க, பட்டைகள் நடுச்சதுரத்தை இடமாகச் சுற்றி வந்திருக்கும். திருப்பும் திசையில் குழப்பம் வரும்போதெல்லாம் பட்டைகள் போன வழியைப் பார்த்து அதைத் தொடர்ந்தால் போதும்.

இரண்டாம் சுற்று

இனிமேல் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஐந்தாம் பட்டை வெளிரில் 20 கண்ணிகள்: நான்காம் பட்டையின் ஓரத்தில் 5, முதல் பட்டை மூடிய ஓரத்தில் 10, இரண்டாம் பட்டையின் முனையில் 5. ஆறாம் பட்டை அதே நூலைத் தொடர்ந்து 25: வளையத்தையும் சேர்த்து 5, இரண்டாம் பட்டையில் 15, மூன்றாவதின் முனையில் 5. ஏழாவது அடரில் 25: 5, 15, 5. எட்டாவது அடரிலேயே 30: வளையத்தோடு 5, நான்காம் பட்டையில் 20, ஐந்தாவதின் முனையில் 5. ஆக 10, பிறகு 15 இரண்டு முறை, 20 இரண்டு முறை, 25 இரண்டு முறை, 30 என்று ஏறும் வரிசையை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்தப் பத்தியைக்கூட மறுபடி பார்க்க வேண்டியிருக்காது.

நூல் கணக்கும் இதிலேயே இருக்கிறது. மூடும் வரிசைகளை விட்டுவிட்டால் முழுத் துணியில் 1,800 கண்ணிகள். அடரில் 900, வெளிரில் 700, சிவப்பில் 200. நடுச்சதுரத்தின் பரப்பை ஒன்று என்று வைத்தால் முதல் சுற்றின் பரப்பு மூன்று, இரண்டாம் சுற்றின் பரப்பு ஐந்து. வெளிச்சுற்றுதான் நூலைத் தின்னும் என்பதால் குறைவாக உள்ள நிறத்தை உள்ளே பயன்படுத்துவது புத்திசாலித்தனம்.

கெட்டுப்போகும் விதங்கள்

என் முதல் துணி கிண்ணமாக வந்தது. தட்டையாகப் படுக்க மறுத்து நான்கு ஓரங்களும் மேலே எழும்பி நின்றன. வீட்டில் அதில் வேர்க்கடலை போட்டுச் சாப்பிட்டார்கள். பிரித்துப் பார்த்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன. 15 எடுக்க வேண்டிய இடத்தில் 13 எடுத்திருந்தேன், மூடிய வரிசைகளையும் கயிறு கட்டுவதுபோல் இறுக்கியிருந்தேன். நடு தட்டையாக இருந்து வெளி ஓரம் மட்டும் குவிந்தால், பெரும்பாலும் மூடியதில்தான் இறுக்கம். பட்டை தொடங்கும் இடத்திலேயே துணி சுருங்கினால் எடுத்த கண்ணிகள் குறைவு. மாறாக, பாவாடைச் சுருக்கம்போல் ஓரம் அலைந்தால் கண்ணிகள் அதிகம்.

மூடி முடித்து முன்பக்கத்தை நோக்கும்போது கடைசி வளையம் இடது மேல்மூலையில் இல்லாமல் வலது மேல்மூலையில் இருந்தால், நீங்கள் பின்பக்கத்தில் மூடியிருக்கிறீர்கள், அதாவது ஒரு வரிசை கூடவோ குறையவோ பின்னியிருக்கிறீர்கள். பாதி வரிசையில் ஊசியை வைத்துவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மூடியதைப் பிரித்து, முன்பக்க வரப்புகளை ஐந்தா என்று எண்ணி, ஒரு வரிசையைச் சேர்த்தோ நீக்கியோ மறுபடி மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு பட்டையில் கண்ணிகள் தானாகக் கூடிக்கொண்டே போனால், வரிசையின் தொடக்கத்தில் நூல் ஊசிக்குமேல் ஏறிப் பின்னால் போய், முதல் கண்ணியை இரண்டாகக் காட்டுகிறது என்று பொருள். தொடங்கும் முன் நூலைக் கீழே தொங்கவிட்டுப் பின்னால் எடுத்துச் சென்றால் இது நின்றுவிடும்.

முடிப்பு வேலை

வாலாகத் தொங்கும் நூல்கள் பத்து இருக்கும். ஒவ்வொன்றையும் தையல் ஊசியில் கோத்து, பின்பக்கத்தில் அதே நிறப் பட்டையின் வரப்பு நெடுக 4 சென்டிமீட்டர் ஓட்டி, திரும்பவும் எதிர்த்திசையில் கொஞ்சம் ஓட்டி வெட்டுங்கள். பருத்தி வழுக்கும், ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் இரண்டு சலவையில் வெளியே எட்டிப் பார்க்கும். மூலைகளில் ஓட்டை ஏதும் மிஞ்சியிருந்தால் அருகிலுள்ள வாலாலேயே ஒரு தையல் போட்டு மூடிவிடலாம்.

பிறகு தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி, தடித்த விரிப்பின்மேல் 17 சென்டிமீட்டர் சதுரமாகக் கையால் நீவி, துருப்பிடிக்காத குண்டூசிகளால் மூலைகளைக் குத்தி நிழலில் காயவிடுங்கள். பின்னும்போது சற்றே கோணலாகத் தெரிந்த பட்டைகள் பெரும்பாலும் இதில் நிமிர்ந்துவிடும். காய்ந்தபின் மூலைவிட்டத்தின் ஒருபுறம் வெளிரும் மறுபுறம் அடருமாக, பழைய போர்வைகளில் காணும் அதே கட்டம் தெரியும்.

இதே கட்டத்தை நான்காகப் பின்னி, வெளிர் மூலைகள் நான்கும் நடுவில் சந்திக்கும்படி வைத்துத் தைத்தால் வெளிர்நிற வைரம் ஒன்று நடுவில் உருவாகும். 34 சென்டிமீட்டர் மெத்தை உறைக்கு அது ஒரு முகமாகும். கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திருப்பி அடுக்கினால் சாய்ந்த கோடுகள் ஓடும். போர்வை தைப்பவர்கள் அப்படி வரும் அமைப்புக்கு நேரான உழவுசால் என்று பொருள்படும் ஸ்ட்ரெயிட் ஃபர்ரோ என்ற பெயரை வைத்திருக்கிறார்கள். தைக்கப் பிடிக்காதவர்கள் எட்டாம் பட்டையில் நிற்காமல் 30, 35, 35, 40 என்று அதே துணியைச் சுற்றிக்கொண்டே போகலாம். பக்கம் 150 வரப்பை எட்டும்போது ஏறத்தாழ 85 சென்டிமீட்டரில் குழந்தைக்கான போர்வை ஒன்று கிடைக்கும். ஆனால் பக்கம் ஐந்து மடங்கானால் நூல் இருபத்தைந்து மடங்காகும்; நேர் ஊசியில் 150 கண்ணிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் என்பதால் நீளமான வட்ட ஊசி ஒன்றையும் அதற்குள் வாங்கிவைக்க வேண்டியிருக்கும்.